உன் ஊறுகாயை ஏலத்தில் எடுத்தவள்

அன்புள்ள சாமு,

ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உன் அப்பா நன்றாக இருக்கிறார். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. போனில் பேசினால் நீ சாப்பிட்டாயா என்கிறாய், நான் பாப்பா தூங்கிவிட்டாளா என்கிறேன், நீ தூங்கிவிட்டாள் என்கிறாய். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரமாட்டேன் என்கிறது. சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்ததிலிருந்து நீங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு ஞாயிறு கிரேஸுக்கு டியூட்டி. அடுத்த ஞாயிறு பாப்பாவுக்குச் சளி. அதற்கடுத்து யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்றாய். காரணமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எல்லாமே இவ்வளவு சரியாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிற தூரம் நேற்று முளைத்ததில்லையே.

உனக்குப் புத்திமதி சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவனுக்கு ஒரு தாய் சொல்ல எவ்வளவோ இருக்கும் என்று நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தால் சொல்ல ஒன்றுமில்லை, கேட்கத்தான் நிறைய இருக்கிறது. நான் ஒரு நாளும் ஒரு சம்பளத்தில் வாழ்ந்தவள் இல்லை. நீச்சல் தெரியாதவள் கரையில் நின்று கையை இப்படி வீசு, காலை அப்படி அடி என்று கத்துவது மாதிரி ஆகிவிடும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதாவிட்டால் இது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நீ வேலையை விடப்போகிறேன் என்று சொன்ன நாளை நினைத்துப் பார்க்கிறேன். கிரேஸின் பிரசவ லீவு முடியும் சமயம். பாப்பாவை இங்கே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்ல என் வாய் துடித்தது, முழங்கால் விடவில்லை. அணைக்கட்டு ஊரில் கிரேஸின் அம்மாவுக்கு நிலமும் மாடும் இருக்கிறது, அவர்களாலும் வந்து தங்க முடியாது. நீ சோபாவில் சாய்ந்துகொண்டு, ஏதோ பஸ் மாறி ஏறப்போகிறவன் மாதிரி நிதானமாகச் சொன்னாய். "ஒருத்தர் வீட்ல இருந்தே ஆகணும்மா. அவ நர்ஸ், அவ வேலை நிலையான வேலை. எனக்கு ஷூ கம்பெனில, வெளிநாட்டு பையர் ஆர்டர் குடுத்தாதான் வேலை. நான் இருந்துக்குறேன்." உன் அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. எவ்வளவு நாளைக்கு என்று மட்டும் நான் கேட்டேன். பாப்பா ஸ்கூலுக்குப் போகிற வரைக்கும் என்றாய். சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே போய் எதற்காக வந்தோம் என்று தெரியாமல் நின்றேன்.

நான் ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவள். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் லேட் என்று பார்த்தே தலை நரைத்தவள். எனக்கு எந்த மனுஷனைப் பார்த்தாலும் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்றுதான் முதலில் தோன்றும். உன்னை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து, பாப்பாவைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, கிரேஸ் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் சத்தமில்லாமல் கதவைச் சாத்தி வைக்கிறாய். இது வேலை இல்லை என்று சொன்னால் நான் இத்தனை வருஷம் வீட்டில் செய்ததும் வேலை இல்லை என்று ஆகிவிடும். ஆனால் சபையில் யாராவது பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு வேகமாக நடக்கிறேன். வேகமாக நடக்க என் முழங்கால் அப்போது மட்டும் எப்படி ஒத்துழைக்கிறது என்று தெரியவில்லை.

நாங்கள் வாழ்ந்த விதம் உனக்குத் தெரியும். உன் அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் கெமிக்கல் ஸ்டோர் பார்த்தார். அவர் சம்பளத்தில் வாடகை, அரிசி, கரண்ட். என் சம்பளத்தில் உன் பீஸ், துணிமணி, சீட்டு. அவர் பர்ஸை நான் திறந்ததில்லை, என் ஹேண்ட்பேகை அவர் தொட்டதில்லை. கல்யாணமானதிலிருந்து பத்து ரூபாய்கூட அவரிடம் கேட்டு வாங்கியதில்லை என்று எத்தனை பெண்களிடம் பெருமை பேசியிருக்கிறேன் தெரியுமா. கம்பெனி லைனில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்களுக்கெல்லாம் நான் சொன்ன புத்திமதியே அதுதான், உன் சம்பளம் உன் கையில் இருக்கட்டும் என்று. அந்தப் புத்திமதி தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒருத்தரை ஒருத்தர் கேட்கவே தேவையில்லாமல் இருந்ததில், நாங்கள் பேசிக்கொள்ள வேண்டிய எத்தனையோ விஷயங்களைப் பேசாமலே வந்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் மட்டும் வந்திருக்கிறது. அது உங்கள் இரண்டு பேரையும் பார்த்த பிறகு வந்த சந்தேகம்.

ஒரு ஞாயிறு நீங்கள் கிளம்பும்போது கிரேஸின் செருப்பு வார் அறுந்துபோனதே, அதைத்தான் சொல்கிறேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி உன்னைக் கேட்டாள். "ஏங்க, இந்த மாசம் புதுசு வாங்கலாமா, இல்ல அடுத்த மாசம் பாத்துக்கலாமா?" நீ செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், பையருக்கு அனுப்புகிற சாம்பிளைப் பார்க்கிற மாதிரி. அடுத்த மாதம் வாங்கலாம், இதை நான் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி என்னிடம் கோணி ஊசி கேட்டாய். நம் வீட்டில் செருப்புக்கு யாரும் யோசித்ததே இல்லை. கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஜோடி ஏதாவது ஒன்று கம்மி விலைக்கு வந்துகொண்டே இருக்கும். அதுவா எனக்குக் கஷ்டமாக இருந்தது என்றால், அதுவும் இல்லை. சம்பாதிக்கிறவள் அவள். கேட்கிறவளும் அவள். யோசித்துப் பதில் சொல்கிறவன் நீ. அவள் கேட்டதில் ஒரு சங்கடமும் இல்லை, நீ சொன்னதில் ஒரு அதிகாரமும் இல்லை. உன்னைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவளைப் பார்த்தால் ஐயோ பாவம் என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உன்னைப் பார்த்தால் பாவமாகவும் அவளைப் பார்த்தால் நிறைவாகவும் இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அடுத்த வாரமே நான் பஜாரில் ஒரு ஜோடி செருப்பு வாங்கி உங்கள் சாப்பாட்டு கேரியர் பையில் வைத்துவிட்டேன். தேங்க்ஸ் அத்தை என்றாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறெல்லாம் நீ தைத்துக் கொடுத்த பழைய செருப்பில்தான் வந்தாள். புதியது எங்கே என்று கேட்டேன். டியூட்டிக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று சிரித்தாள். அந்தப் பதிலில் நான் எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

கேரியர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு சம்பளத்துக்கு மாறியதிலிருந்து நான் ஒரு ஞாயிறும் உங்களை வெறும் கேரியரோடு அனுப்பியதில்லை. பிரியாணி, கறிக்குழம்பு, வறுவல், இரண்டு நாளைக்கு வரும்படி. கிரேஸ் அந்தக் கேரியரைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்கமாட்டாள், அவளும் நல்ல வீட்டில் வளர்ந்தவள். முன்பெல்லாம் ஸ்வீட் வைப்பாள். அப்புறம் நீ இடித்த பருப்புப் பொடி, நீ செய்த தக்காளித் தொக்கு என்று வர ஆரம்பித்தது. நான் அதைத் திறந்து பார்ப்பேன், மூடி அடுத்த வீட்டு ஷாஹினிடம் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்று இல்லை. என் பிள்ளை அடுப்பில் நின்று கிளறியது என்று நினைத்தால் தொண்டையில் இறங்காது என்று ஒரு பயம், அவ்வளவுதான். ஷாஹின் ஒருநாள் காலி டப்பாவோடு வந்து நின்றாள். "உம் புள்ள பண்ண பொடி தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் இருந்தா குடு. எங்க வீட்ல அது இல்லாம தோசையே எறங்க மாட்டேங்குது." நான் இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மருமக சம்பாதிக்கிறா, புள்ள குழந்தைய பாத்துக்கிறான். ரெண்டு பேரும் தோஸ்த்து மாதிரி இருக்காங்க. நடுவுல உனக்கு இன்னா பேஜாரு?" என்று கேட்டாள். 

இனி அறுப்பின் பண்டிகை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நம் சபையில் ஏலம் எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத சுரைக்காய், காணிக்கையாக வைத்து, ஆராதனை முடிந்து ஹாலில் ஏலத்துக்கு வந்தால் ராஜமரியாதை. ஒரு முட்டைக்குப் போட்டி போடுவோம். விலையைக் கேட்டு நாமே சிரிப்போம், ஆண்டவருக்குத்தானே போகிறது என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். நம் வீட்டுக்கு என்று வருஷா வருஷம் வாழைத்தார். உன் அப்பா எடுத்தார், நீ வேலைக்குப் போன வருஷத்திலிருந்து நீ எடுத்தாய். உன் மேனேஜரையே எதிர்த்து ஒரு வருஷம் எடுத்தாயே, அன்றைக்கு நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்ட அழகை நீ பார்க்கவில்லை. இந்த வருஷம் வாழைத்தார் வந்தபோது எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பியது. நீ பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாய். கிரேஸ் என் வரிசைக்குப் பின்னால் எங்கோ இருந்து சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியிருக்கிறாள், வேண்டாம் என்று. வேறு யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒரு ஊறுகாய் பாட்டில் மேஜைக்கு வந்தது. கிரேஸின் அம்மா வீட்டு மரத்து எலுமிச்சை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஏலம் விடுகிறவர் மூடியைத் தட்டி, யார் போட்ட ஊறுகாய் என்று கேட்டார். நீ எழுந்து நின்று, "நான்தாங்க போட்டேன்" என்றாய். ஹாலே சிரித்தது. கேலியாகச் சிரித்தார்களா சந்தோஷமாகச் சிரித்தார்களா என்று இத்தனை நாள் யோசித்தும் எனக்குத் தீர்மானமாகவில்லை. நீயும் சிரித்தாய். என் பக்கத்து வரிசையில் ஒரு சின்னப் பெண் ஐம்பது ரூபாய் என்று கை தூக்கினாள். ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்ணாம், ஊருக்கு வந்திருந்தாளாம். அவளுக்கு உண்மையாகவே ஊறுகாய் தேவைப்பட்டிருக்கிறது. அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஒருதரம் என்றார் ஏலக்காரர். இரண்டுதரம் என்றார். என் பிள்ளை போட்டது ஐம்பது ரூபாய்க்குப் போகிறது என்று எனக்குத் தலை சுற்றியது. நான் கையைத் தூக்கிவிட்டேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் விலையைக் கூட்டினார். நான் கூட்டினேன். அந்தப் பெண் பாவம், கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மறுபடி கூட்டினார். எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. என் பிள்ளை கைப்பண்டத்துக்கு இன்னொருவர் போட்டி போடுகிறார் என்று ஒரு பக்கம் சந்தோஷம், அதை அவருக்கு விட்டுவிடக் கூடாது என்று ஒரு பக்கம் வீம்பு. ஊறுகாய் பாட்டில் பிரஷர் குக்கர் விலைக்குப் போய்விட்டது. ஆண்கள் பக்கம் அடங்கியபோது திரும்பிப் பார்த்தேன். கை தூக்கிக்கொண்டிருந்தவர் நமக்கு எந்த உறவும் இல்லாத மனுஷர். அவருக்குப் பக்கத்தில் உன் அப்பா, தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தான் கை தூக்கினால் நன்றாக இருக்காது என்று பக்கத்து ஆளைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிற நாங்கள் இரண்டு பேர், எதிரெதிர் பக்கத்திலிருந்து ஒருவரை ஒருவர் எதிர்த்து ஏலம் கேட்டிருக்கிறோம். எங்களைத் தவிர ஹாலில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா சொன்னது ஒன்றுதான். "அந்தப் பக்கம் நீன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே வுட்டுருப்பேன்." பேசி வைத்துக்கொள்ளாத எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

நீ ஆட்டோ பிடிக்கப் போனாய். கிரேஸ்தான் கேட்டருகில் பாப்பாவின் குல்லாவைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை.

"அத்தை, அந்தப் பொண்ணு அம்பது ரூபாய்க்கு எடுத்திருந்தா எங்களுக்கு சந்தோஷமா இருந்திருக்கும். அவ சாப்பிடறதுக்குக் கேட்டா. நீங்க எங்களுக்காகக் கேட்டீங்க."

நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்க நினைத்தேன். உங்களுக்காகக் கேட்பது ஒரு தப்பா? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆட்டோ வந்துவிட்டது. அன்றைக்கு நீங்கள் கேரியர் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று உன் அப்பா சொன்னார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

பாட்டில் பிரிட்ஜ் மேலேயே இருந்தது. அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, ஷாஹினிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. உன்மேல் கோபம் வரும், உடனே என்மேல் வரும், எதற்கென்றே தெரியாமல் உன் அப்பாமேல் காட்டுவேன். போன வாரம் அவருக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. மோர்சாதம் கரைத்து வைத்தேன். "அந்த ஊறுகாய்தான் இருக்குதே, அத்த குடு" என்றார். திறந்து ஒரு துண்டு அவர் தட்டில் வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார். நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் கசப்பே இல்லை, சாமு. நான் இத்தனை வருஷம் எலுமிச்சை ஊறுகாய் போடுகிறேன், ஒவ்வொரு தடவையும் தோலில் ஒரு கசப்பு நின்றுவிடும், நாங்களும் அதுதான் ருசி என்று சாப்பிட்டுவிடுவோம். நீ போட்டதில் தோல் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. எப்படிச் செய்தாய்? விதையை எடுத்தாயா? எத்தனை நாள் வெயிலில் வைத்தாய்? யாரைக் கேட்டுப் போட்டாய்? என்னைக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். தட்டைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு விலை கூப்பிட்டேனே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வீட்டு ஷாஹினுக்கு என் பிள்ளையின் கைருசி தெரியும், அந்த ஹாஸ்டல் பெண்ணுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது, எனக்கு மட்டும்தான் அது தேவைப்படவில்லை.

இதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நீ வேலையை விட்டது சரியா என்று கேட்டால் இன்றைக்குச் சரி என்பேன், நாளைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுகிற பையன்களைப் பார்த்தால் தப்பு என்பேன். கிரேஸ் ஒருத்தியே எல்லாப் பாரத்தையும் தூக்குகிறாளே என்று இருக்கும், அவள் முகத்தைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது. நீங்கள் இருவரும் எதை வைத்து இப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். உங்கள் வீட்டில் நான் சாப்பிட்டதே இல்லை. குடிபோன அன்று பால் காய்ச்சிவிட்டு வந்ததோடு சரி. பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அணைக்கட்டுக்கு வந்தேன், உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்து சாப்பிட்டால் உங்களுக்குச் செலவு என்று நினைத்தேன்.

அதனால் வரும் ஞாயிறு நீங்கள் வரவேண்டாம். நாங்கள் வருகிறோம். ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம், மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில். நீதான் சமைக்க வேண்டும். கிரேஸுக்கு டியூட்டி இருந்தால் அவள் வந்தபிறகு சேர்ந்து சாப்பிடலாம், எனக்கு அவசரமில்லை. நான் கேரியர் கொண்டுவரமாட்டேன். செருப்பு, துணி, எதுவும் கொண்டுவரமாட்டேன். பஸ் ஸ்டாண்டில் பழம்கூட வாங்கமாட்டேன். பாப்பாவுக்கு பிஸ்கட் மட்டும் வாங்கலாமா என்று இந்த வரியை எழுதும்போதே யோசித்தேன், வேண்டாம். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறி எனக்குப் பழக்கமே இல்லை. வழியெல்லாம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்து வருவேன். கதவைத் திறந்ததும் என் கையைப் பார்த்துச் சிரிக்காதே, முதலில் பாப்பாவைத் தூக்கி அதில் கொடுத்துவிடு.

உன் அம்மா